கல்லீரலுக்கு உகந்ததாம் இந்தக் கலப்பு எண்ணெய்: எண்ணெய்க்கு ஒரு மார்க், துண்டுப் பிரசுரத்துக்கு வேறு மார்க்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நல்ல எண்ணெய்தான். அதோடு சேர்த்துக் கொடுக்கும் துண்டுப் பிரசுரம்தான் சகிக்கவில்லை. எண்ணெய்க்கு ஐந்துக்கு நான்கு, பிரசுரத்துக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் அச்சு பளிச்சென்று இருந்ததற்காக. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளம்.

பிராண்டு பெயரைப் போடவில்லை. இரண்டு மூன்று எண்ணெய்களைக் கலந்து, முன்பக்கம் ஒரு கல்லீரல் படமும் பச்சை இலையும் போட்டு விற்பவை நிறையவே இருக்கின்றன. நான் சொல்லப்போவது அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கியதற்குக் காரணம் என் கணவரின் வயிற்று ஸ்கேன். ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்தது. செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு எண்ணெயைச் சிபாரிசு செய்தார்கள். கடைசியில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் பிழைப்பே கல்லீரல் செல்களோடுதான். ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன்: செல்களை வளர்ப்பது, கொழுப்பு ஊட்டுவது, சாயம் ஏற்றுவது, எண்ணுவது. டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் எண்ணெயை வெறும் எண்ணெயாகப் பார்ப்போம். வெளிர் மஞ்சள் நிறம். சுத்திகரித்தது என்பதால் வாசனை என்று எதுவும் பெரிதாக இல்லை. வதக்கும்போது நுரைப்பதில்லை, சமைத்த பண்டத்தின் சுவையில் குறுக்கே வருவதில்லை. மூடி மட்டும் மட்டம். ஊற்றி நிமிர்த்தியதும் கடைசிச் சொட்டு வெளியே வழிந்து லேபிளை நனைக்கிறது. போகப்போகப் பின்பக்க அட்டவணையின் எழுத்து மங்கிவிடும், அதற்குள் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக். பார்க்க அழகு, எண்ணெய்க்கு நல்லதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

அந்த அட்டவணை உண்மையிலேயே பாராட்ட வேண்டியது. நூறு கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 14 கிராம், ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு 46, பல நிறைவுறாக் கொழுப்பு 40. டிரான்ஸ் கொழுப்பு 0. இந்த நான்கு எண்களைப் படிக்கத் தெரிந்தால் முன்பக்கத்துக் கல்லீரல் படமே வேண்டாம். பாமாயிலில் பால்மிடிக் அமிலம் என்ற ஒரே ஒரு நிறைவுற்ற கொழுப்பமிலம் மட்டும் சுமார் 44 சதவீதம். வெண்ணெய்க் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுற்ற வகை. அவற்றுக்குப் பக்கத்தில் 14 நல்ல எண். பெரியவர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தையும் டிரான்ஸ் கொழுப்பு 1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. சமையலுக்கு இந்த மாதிரி எண்ணெய் இருந்தால் அந்த வரம்புக்குள் நிற்பது சிரமமில்லை. பிஸ்கட்டும் கேக்கும் வந்து கணக்கைக் கெடுக்காத வரை.

டிரான்ஸ் 0 என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு பரிமாறும் அளவில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்றே அச்சிடலாம். சேர்மானப் பட்டியலில், டிரான்ஸ் கொழுப்பை உண்டாக்கும் முறையான ‘பகுதி ஹைட்ரஜனேற்றம்’ என்ற சொல் இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் நான் அந்தப் பூஜ்யத்தை நம்பினேன்.

சரி, பிரசுரத்துக்கு வருவோம். நடுப்பக்கத்தில் இரண்டு வட்டப் படங்கள். இடது பக்கம் ‘சாதாரணக் கொழுப்பு’ என்ற தலைப்பு, செல்கள் முழுக்கச் சிவப்புப் பொட்டுகள். வலது பக்கம் ‘எங்கள் எண்ணெய்’, பொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றும். கீழே ஒரே வரி: கல்லீரல் செல்களில் கொழுப்புச் சேர்வதைக் குறைப்பது ஆய்வகத்தில் நிரூபணமாகியிருக்கிறதாம்.

அந்தச் சிவப்பு எனக்கு நெருங்கிய பழக்கம். ஆயில் ரெட் ஓ என்ற சாயம். செல்களை ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, ஐசோபுரோப்பனால் கலந்த நீரில் அலசி, சாயத்தை ஊற்றிக் காத்திருந்து மறுபடி கழுவினால், செல்லுக்குள் டிரைகிளிசரைடாக, அதாவது சேமிப்பு வடிவில், திரண்டு நிற்கும் கொழுப்பு மட்டும் சிவப்பாகத் தெரியும். உட்கரு நீலமாகத் தெரிய ஹீமடாக்சிலின் போடுவோம். மேசையில் சிந்தினால் கறை போகவே போகாது. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களை அவர்கள் கோட்டின் கைப்பக்கச் சிவப்பை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

எனவே அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: எண்ணெயைச் செல்லுக்கு எப்படிக் கொடுத்தார்கள்? எண்ணெயை அப்படியே ஊற்ற முடியாது. செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய் மேலே மிதக்கும், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. நம் உடம்பில் குடல் எண்ணெயை உடைத்து, உள்ளே இழுத்து, மறுபடி கட்டி, புரத உறை போட்டு அனுப்புகிறது. ரத்தத்தில் தனியாகத் திரியும் கொழுப்பமிலங்களை அல்புமின் என்ற புரதம் சுமந்து போகிறது. ஆய்வகத்தில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஏதாவது ஒரு கொழுப்பமிலத்தை எடுத்து, மாட்டு ரத்தத்து அல்புமினோடு பிணைத்து, அதைச் செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தில், அதாவது ஊடகத்தில், கலப்போம். ஆகவே ‘எங்கள் எண்ணெய்’ என்ற தலைப்பே பாதி உண்மை. எண்ணெயில் உள்ள எந்த அமிலத்தை, எவ்வளவு செறிவில், எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை.

இந்த வேலையைச் செய்து பார்த்தால் கொழுப்புகளின் குணம் கைக்கே தெரிந்துவிடும். ஒலியிக் அமிலம் சாது. ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு அதுதான், இந்தக் கலப்பு எண்ணெயின் 46 கிராமிலும் அநேகமாக அதுவே. அறை வெப்பத்தில் எண்ணெயாகவே இருக்கும், அல்புமினோடு சட்டென்று கலந்து தெளிந்துவிடும். பால்மிடிக் அமிலம் அப்படியில்லை. அது உருகுவதற்கே சுமார் 63 டிகிரி வேண்டும். அதன் சோடிய உப்பை 70 டிகிரி சூட்டில் வைத்துக் கரைக்க வேண்டும், அல்புமினையோ 37 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். பிப்பெட்டில் இழுத்துக்கொண்டு அந்தக் குழாயிலிருந்து இந்தக் குழாய்க்குப் போகும் அந்த ஒரு கை தூரத்துக்குள் குளிர்ந்தால் போச்சு: பிப்பெட் முனையில் வெள்ளை வெள்ளையாக உறைந்து நிற்கும். உறையாமல் சேர்ந்ததும் கரைசல் லேசாகக் கலங்கி, பிறகு மெல்லத் தெளியும். தெளியவில்லை என்றால் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த இரண்டையும் ஒரே செறிவில் ஹெப்ஜி2 செல்களுக்குக் கொடுத்து மறுநாள் பார்த்தால் நடப்பது இதுதான். ஹெப்ஜி2 என்பது 1970களில் 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த வரிசை, இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கிறது. ஒலியிக் கொடுத்த தட்டில் செல்கள் தட்டோடு ஒட்டியபடி, ஓரங்கள் கெடாமல், உள்ளே பளபளவென்று கொழுப்புத் துளிகளோடு இருக்கும். சாயம் ஏற்றினால் சிவப்பு அப்பிக் கிடக்கும். பால்மிடிக் அதிகம் கொடுத்த தட்டில் செல்கள் சுருங்கி உருண்டு, பல கழன்று ஊடகத்தில் மிதக்கும். உட்கரு சுருங்கியோ துண்டுபட்டோ இருக்கும். சாயம் ஏற்றினால்? சிவப்புக் குறைவு.

மறுபடி படியுங்கள். சிவப்பு அதிகம் இருக்கும் தட்டில் செல்கள் உயிரோடு இருக்கின்றன. சிவப்புக் குறைவாக இருக்கும் தட்டில் செத்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று வெறும் கழுவல் விவகாரம். செத்த செல் தட்டிலிருந்து கழன்றுவிடும், சாயம் போடும் முன் அலசுகிற அலசலில் சாக்கடைக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் செல்களில் மட்டும் சிவப்பை அளந்தால் குறைவாகத்தானே வரும்? அதனால்தான் சாயத்தை ஐசோபுரோப்பனாலில் கரைத்து அளந்த பிறகு, தட்டில் எவ்வளவு புரதம் அல்லது டிஎன்ஏ இருந்தது என்று பார்த்து வகுப்போம். அந்த வகுத்தல் இல்லாத சிவப்புப் படத்தை எங்கள் லேப் மீட்டிங்கில் காட்டினால் இரண்டாவது ஸ்லைடுக்குப் போக விடமாட்டார்கள்.

இரண்டாவது காரணம்தான் விஷயமே. நிறைவுற்ற கொழுப்பமிலம் நேரான குச்சி, ஒலியிக் அமிலத்துக்கு நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அது வளைந்த குச்சி. நேரான குச்சிகளை நெருக்கி அடுக்கலாம், வளைந்தவற்றை முடியாது. உருகும் வெப்பநிலை அவ்வளவு வேறுபடுவதும் இதனால்தான். செல்லுக்குள் புரதங்களை மடித்துத் தயாரிக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வில் பால்மிடிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் சவ்வு விறைத்துப்போகிறது. புரதம் மடிக்கும் வேலை தடுமாறுகிறது, செல் அபாய அறிவிப்பைக் கிளப்புகிறது. அறிவிப்பு ஓயாவிட்டால் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் பாதைக்குப் போகிறது. போதாக்குறைக்கு, செராமைடு என்ற தொல்லை பிடித்த கொழுப்பைத் தயாரிக்க முதல் சரக்கே பால்மிடிக்தான். இன்சுலின் சொல்வதைச் செல் கேட்காமல் போவதில் செராமைடுக்குப் பங்குண்டு.

ஒலியிக் அமிலமோ டிரைகிளிசரைடாகக் கட்டப்பட்டுத் துளிகளில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. அதைவிட ஆச்சரியம், பால்மிடிக்கோடு கூடவே கொஞ்சம் ஒலியிக்கையும் கொடுத்தால் அது பால்மிடிக்கையும் இழுத்துக்கொண்டு துளிக்குள் போய்விடும், செல் பிழைக்கும். 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு ஹாம்ஸ்டர் செல்களில் இதைக் காட்டியது. டிரைகிளிசரைடு கட்டும் திறன் குறைந்த செல்களில் சாதுவான ஒலியிக்கே நஞ்சாகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகத் துளி என்பது, குறைந்தபட்சம் தட்டில், குறுகிய காலத்துக்கு, செல் தேடிக்கொள்ளும் பாதுகாப்பு. பிரசுரம் அந்தத் துளிகளையே குற்றவாளியாகக் காட்டி, துளி குறைந்தால் வெற்றி என்கிறது. ஒலியிக் நிறைந்த தங்கள் எண்ணெயின் உண்மையான பலத்தை இவர்களே தலைகீழாக விளம்பரம் செய்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு எரிச்சலைவிடப் பரிதாபம்தான் வந்தது.

இதை வைத்து ‘அப்போ கல்லீரலில் துளி சேர்ந்தால் நல்லதா’ என்று கேட்டுவிடாதீர்கள். தட்டு வேறு, மனிதன் வேறு. மனிதக் கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் அது நோய்க் கணக்கில் சேர்கிறது. தாங்கும் அளவுக்கு மேல் போனால் ஒலியிக்கும் செல்லைக் கொல்லும். நாங்கள் வழக்கமாக ஊற்றும் ஊடகம் ஒன்றில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ஆரோக்கியமான மனிதரின் ரத்தத்தில் வெறும் வயிற்றில் லிட்டருக்கு ஒரு கிராம்கூட இருக்காது. சர்க்கரைப் பாகில் நீந்தும் புற்றுச் செல்லை வைத்து வீட்டுச் சமையலைத் தீர்மானிப்பது கொஞ்சம் ஓவர்தான். செல் தட்டு எந்தப் பாதை, எந்த மூலக்கூறு என்று காட்டும். சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்பதை மனிதர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் மருந்து மாத்திரை கிடையாது, மஃபின்தான். ஒல்லியான இளைஞர்கள் 39 பேர், 7 வாரம். ஒரு பகுதியினருக்குப் பாமாயிலில் செய்த மஃபின், மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. எடை கூடுவதற்காகவே தினமும் கூடுதலாகச் சாப்பிட வைத்தார்கள். இரண்டு பக்கமும் எடை ஒரே அளவில், 1.6 கிலோ, கூடியது. ஆனால் கல்லீரல் கொழுப்பும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் பாமாயில் மஃபின்காரர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியது. ஒரே மாவு, ஒரே கலோரி, எண்ணெய் மட்டும் வேறு.

ஃபின்லாந்தில் செய்து 2018-இல் வெளியிட்ட இன்னொன்று இதைவிடக் காரம். அதிக எடை கொண்ட 38 பேருக்கு 3 வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். சிலருக்கு அது நிறைவுற்ற கொழுப்பாக, சிலருக்கு நிறைவுறாக் கொழுப்பாக, மற்றவர்களுக்குச் சர்க்கரையாக. கல்லீரல் கொழுப்பு முதல் குழுவில் 55 சதவீதம் கூடியது, இரண்டாவதில் 15, சர்க்கரைக் குழுவில் 33. நிறைவுற்ற கொழுப்புக் குழுவின் ரத்தத்தில் செராமைடும் ஏறியது. தட்டில் நான் பார்க்கும் அதே ஆசாமி.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 55-ஐ மட்டும் எடுத்து விளம்பரம் செய்யலாம். ஆனால் நல்ல கொழுப்பும் கூடுதலாகப் போனால் 15 ஏறியது என்பதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். எண்ணெயே படாத சர்க்கரை 33 ஏற்றியதையும் சொல்ல மாட்டார்கள். கல்லீரல் சர்க்கரையிலிருந்து தானே கொழுப்பைத் தயாரித்துக்கொள்ளும். 2005-இல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் தடமறியும் அணுக்களைக் கொடுத்துப் பார்த்ததில், கல்லீரலில் இருந்த டிரைகிளிசரைடில் சுமார் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்தது, 26 சதவீதம் கல்லீரல் தானே தயாரித்தது, சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். தொப்பையிலிருந்து வருவதே பெரிய வரத்து. எந்தப் பாட்டிலை மாற்றினாலும் அந்த வரத்து தானாக நிற்காது.

இதனால்தான் பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. ‘தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அருந்துங்கள்.’ ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரிக்கு மேல். ஏற்கனவே சாப்பிடுவதை எதையும் குறைக்காமல் இதை மேலே ஏற்றச் சொல்கிறார்கள், அதுவும் ஃபேட்டி லிவர் உள்ளவர்களிடம். மஃபின் ஆய்வும் ஃபின்லாந்து ஆய்வும் சொன்னது எதன் இடத்தில் எது வருகிறது என்பதைப் பற்றி. வெண்ணெயின் இடத்தில் இந்த எண்ணெய் வந்தால் லாபம். வெண்ணெயோடு சேர்ந்து வந்தால் கலோரி. டாக்டர் என் கணவரிடம் எண்ணெய் பற்றி ஒரு வாக்கியம்தான் பேசினார், எடை பற்றிப் பத்து நிமிடம் பேசினார். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணிய நல்ல வாய்ப்பு உண்டு என்றார்.

வைட்டமின் ஈ பற்றி ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்: ‘கல்லீரல் நோய்க்கு உதவும் என ஆய்வில் தெரிந்த வைட்டமின் ஈ நிறைந்தது.’ ஆய்வு நிஜம். 2010-இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் இல்லாத, கல்லீரலில் கொழுப்போடு வீக்கமும் இருந்த பெரியவர்களுக்குத் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ 96 வாரம் கொடுத்தார்கள். 43 சதவீதம் பேருக்குத் திசு நிலை மேம்பட்டது, வெற்று மாத்திரைக் குழுவில் 19. அந்த 800 யூனிட் என்பது இயற்கை வடிவில் 536 மில்லிகிராம். இந்த எண்ணெயின் லேபிளில் நூறு கிராமுக்கு 40 மில்லிகிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டியில் ஐந்தரை சொச்சம். கணக்குப் போட்டேன்: அந்த ஆய்வின் அளவை எட்ட ஒரு நாளைக்குச் சுமார் 95 மேசைக்கரண்டி குடிக்க வேண்டும். ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 12,000 கலோரி. மாத்திரையாகவே என்றாலும் அந்த அளவை டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

ஒமேகா-3 கதையும் கிட்டத்தட்ட இதுவே. எண்ணெயில் இருப்பது தாவர வகை, ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். கல்லீரல் ஆய்வுகளில் கொடுத்தது மீன் எண்ணெய் வகையான ஈபிஏ, டிஹெச்ஏ. நம் உடம்பு முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது சொற்பம். மீன் எண்ணெய் வகையே கல்லீரலில் கொழுப்பைக் குறைப்பதில் ஓரளவு பலன் காட்டியிருக்கிறதே தவிர, வீக்கத்தையும் தழும்பையும் சரிசெய்வதில் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. எண்ணெயில் ஒமேகா-3 இருப்பது நல்லதுதான், இருக்கட்டும்.

இப்போது அந்தத் தெளிவான பாட்டில். பல நிறைவுறாக் கொழுப்பு 40 கிராம் என்றேனே, அதில் பெரும்பாலும் லினோலியிக் அமிலம். கல்லீரலுக்கு அது நல்லதே செய்கிறது: கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்களைத் தூண்டும் எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதத்தை இந்த வகைக் கொழுப்புகள் அடக்கி வைக்கின்றன. ஆனால் இரட்டைப் பிணைப்பு கூடக்கூட ஆக்சிஜன் வந்து கடிக்கும் இடமும் கூடும். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இதற்கு எதிரி. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ஹைட்ராக்சிநோனெனால் போன்ற ஆல்டிஹைடுகள் உண்டாகும். அவை புரதத்தோடும் டிஎன்ஏவோடும் ஒட்டிக்கொண்டு செல்லைத் துன்புறுத்துபவை. ஆய்வகத்தில் லினோலியிக் அமிலக் குப்பியைத் திறந்ததும் நைட்ரஜன் வாயுவை ஊதி, இறுக மூடி, உறைகுளிரில் இருட்டில் வைப்போம். அதே அமிலத்தை இங்கே நிறமற்ற பாட்டிலில் அடைத்து, கடையில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்குத்தான் ஒரு மார்க்கைக் குறைத்தேன். வீட்டில் அலமாரிக்குள் வையுங்கள், அடுப்புப் பக்கத்தில் வேண்டாம். பழைய பெயின்ட் வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ‘நிறைவுற்றது கெட்டது, நிறைவுறாதது நல்லது’ என்று மந்திரம் போலச் சொல்பவர்களை இது கொஞ்சம் அசைக்கும். 1980களின் கடைசியில் எலிகளுக்குச் சாராயத்தோடு வெவ்வேறு கொழுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாராயத்தோடு சோள எண்ணெய் கொடுத்த எலிகளுக்குக் கல்லீரல் கெட்டது. சாராயத்தோடு மாட்டுக் கொழுப்பு கொடுத்தவற்றுக்குக் கெடவில்லை. குடிக்கும் கல்லீரலில் ஆக்சிஜனேற்றம் மும்முரமாக நடப்பதால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் லினோலியிக் அங்கே எரிபொருளாகிவிடுகிறது என்பது ஒரு முக்கியமான விளக்கம். குடித்துவிட்டு மாட்டுக் கொழுப்பைச் சாப்பிடுங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குடியை விடாமல் எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பாட்டில் உதவாது என்றே அர்த்தம்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மூன்றே கேள்விகள்: எந்தக் கொழுப்பமிலத்தை எந்தச் செறிவில் கொடுத்தீர்கள், அல்புமின் மட்டும் கொடுத்த ஒப்பீட்டுத் தட்டு இருந்ததா, உயிரோடு இருந்த செல்களை எண்ணினீர்களா. பதில் சீக்கிரமே வந்தது, அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். இணைப்பில் 20 வகை சாலட் செய்முறை இருந்தது. மறுபடி எழுதினேன். இந்த முறை அடுத்த பாட்டிலுக்குத் தள்ளுபடி கூப்பன். கூப்பனைப் பயன்படுத்திக்கொண்டேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

யார் வாங்கலாம்? இதுவரை பாமாயில், வனஸ்பதி, வெண்ணெய் இவற்றிலேயே பெரும்பாலும் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அதன் இடத்தில் இதை வைத்தால் மாற்றம் நிஜமானது. வாசனை இல்லாததால் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். ஏற்கனவே ஆலிவ் எண்ணெயோ, ஒலியிக் அதிகமுள்ள சூரியகாந்தி எண்ணெயோ, நிறைவுற்ற கொழுப்பு இதே அளவில் இருக்கும் வேறு எதையோ பயன்படுத்துபவர்கள் கல்லீரல் படத்தைப் பார்த்து மாற வேண்டியதில்லை. இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய கேன் வேண்டாம், சீக்கிரம் தீரும் அளவில் வாங்குங்கள். வெறும் வயிற்றுக் கரண்டியைத் தொடவே தொடாதீர்கள்.